குடியை நிறுத்த வழி தேடுறீங்களா? உங்க ஊர்லயிருந்தே தொடங்கலாம்

ராத்திரி பதினொரு மணி. வீட்டுக்காரர் திண்ணையிலேயே விழுந்து தூங்குகிறார். பிள்ளைகள் இப்போதுதான் கண் அசந்திருக்கிறார்கள். நீங்கள் போனை எடுத்து, 'குடிப்பழக்கத்தை நிறுத்துவது எப்படி' என்று தேடுகிறீர்கள். முதலில் வருவது விளம்பரங்கள்தான். ஒன்று, சாப்பாட்டில் கலக்கும் பொடியை கூரியரில் அனுப்புகிறேன் என்கிறது. இன்னொன்று, மூன்று மாதம் தங்க வைத்துத் திருத்தித் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்கிறது. எதை நம்புறது? நம்ம கிராமத்துல இதுக்கெல்லாம் டாக்டர் ஏது?

இந்தக் கேள்வி உங்களுக்கு மட்டும் வரவில்லை. மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தி, 2019-இல் வெளியான தேசிய ஆய்வு ஒரு கணக்கைச் சொல்கிறது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மற்ற 37 பேரும் அவர்கள் குடும்பமும் 'என்ன பண்றதுன்னு தெரியலையே' என்ற இடத்திலேயே நிற்கிறார்கள். அங்கிருந்து அடுத்த அடியை எப்படி எடுத்து வைப்பது என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

இது திமிரா, நோயா?

'மனசு வச்சா விட்டுடலாம், அவருக்குத் திமிரு' என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். ஆனால் குடி அடிமைத்தனம் மூளையையும் உடலையும் பாதிக்கும் ஒரு நோய். இந்த அடையாளங்களைக் கவனியுங்கள்:

- காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கிறது.
- கொஞ்சம் குடித்துவிட்டு நிறுத்தலாம் என்று தொடங்கினாலும் நிறுத்த முடியவில்லை.
- முன்பு போதுமாக இருந்த அளவு இப்போது பத்தவில்லை.
- வேலை, கடன், உடல்நலம், வீட்டு நிம்மதி எல்லாம் கெடுவது தெரிந்தும் தொடர்கிறது.

இவற்றில் இரண்டு மூன்று பொருந்தினாலே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கஞ்சாவுக்கும், போதைக்காகப் பயன்படுத்தப்படும் வலி மாத்திரைகளுக்கும் இதே வழிதான். குடிக்கிற பெண்களும் உண்டு. அவர்களும் இதே இடங்களில் சிகிச்சை பெறலாம்.

முதல் எச்சரிக்கை: வீட்டில் அடைத்து வைத்து நிறுத்தாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும். பல வருடமாகத் தினமும் அதிகம் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம்.

கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு நினைவு தடுமாறும். இல்லாத ஆள் தெரிவார், இல்லாத குரல் கேட்கும், இடம் பொருள் புரியாது. ஊரில் இதைப் பார்த்துவிட்டு 'பேய் புடிச்சிருக்கு' என்று மந்திரிக்க அழைத்துப் போவதும் உண்டு. இது பேய் இல்லைங்க. மது திடீரென்று நின்றதால் மூளை படும் பாடு. வலிப்போ, குழப்பமோ, கடும் காய்ச்சலோ வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.

மருத்துவமனையில் இந்த நாட்களை நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மருந்து கொடுத்துக் கடத்துவார்கள். தொடர்ந்து குடிப்பவர்களுக்கு உடலில் குறைந்துபோகும் பி1 வைட்டமினான தயமினையும் கொடுப்பார்கள். பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் இந்தக் கட்டம் முடிந்துவிடும்.

முதல் கதவு: உங்கள் போன்

மருத்துவமனைக்குப் போவதற்கு முன்பே பேச ஆள் இருக்கிறார்கள். மூன்று எண்களைச் சேமித்து வையுங்கள்.

14416: டெலி மானஸ் மனநல உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கியது. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். தேவைப்பட்டால் ஆலோசகர் மனநல மருத்துவரிடம் இணைப்பார்.

14446: போதை மீட்புக்கான தேசிய கட்டணமில்லா எண். அருகிலுள்ள சிகிச்சை மையம் எது என்று இதில் கேட்கலாம்.

104: தமிழ்நாடு அரசின் மருத்துவ ஆலோசனை எண்.

போன் பண்ணி என்ன சொல்வது என்று தயங்க வேண்டாம். இப்படிக் கேளுங்கள்: "என் வீட்டுக்காரருக்கு 42 வயசு. பத்து வருஷமா தினமும் குடிக்கிறார். காலையில கை நடுங்குது. நாங்க இந்த தாலுகா. பக்கத்துல எந்த அரசு ஆஸ்பத்திரியில, எந்தக் கிழமை மனநல டாக்டர் இருப்பாங்க?" வயது, எத்தனை வருடம், எவ்வளவு, ஏற்கெனவே வலிப்பு வந்ததா, எந்த ஊர். இந்த ஐந்தையும் சொன்னாலே போதும், அவர்களால் வழி சொல்ல முடியும்.

இரண்டாவது கதவு: பக்கத்து அரசு மருத்துவமனை

தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் எல்லா மாவட்டங்களிலும் செயல்படுகிறது. இந்தத் திட்டத்தின் மருத்துவக் குழு மாவட்டத் தலைநகரில் மட்டும் உட்கார்ந்திருப்பதில்லை. குறிப்பிட்ட கிழமைகளில் வெவ்வேறு அரசு மருத்துவமனைகளுக்கு வந்து வெளிநோயாளிகளைப் பார்க்கிறது. உங்கள் பகுதிக்கு எந்தக் கிழமை வருகிறது என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, ஊருக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடமோ கேளுங்கள். கிழமை தெரியாமல் போய்த் திரும்பி வருவதுதான் கிராமத்துக் குடும்பங்களுக்கு நிறைய நடக்கிறது. ஒருநாள் கூலியும் போய், 'இதுக்குத்தான் வரமாட்டேன்னேன்' என்ற பேச்சும் வரும். அதனால் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

படுக்கையில் சேர்த்து சிகிச்சை தர வேண்டியிருந்தால் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ எழுதிக் கொடுப்பார்கள். 2025 பிப்ரவரியில் 'கலங்கரை' என்ற பெயரில் 25 ஒருங்கிணைந்த போதை மீட்பு சிகிச்சை மற்றும் மறுவாழ்வு மையங்கள் தமிழ்நாடு அரசு மருத்துவமனைகளில் திறக்கப்பட்டன. உங்களுக்கு அருகில் இருப்பது எது என்று 104-இல் கேட்கலாம்.

போகும்போது ஆதார் அட்டை, பழைய மருத்துவச் சீட்டுகள், இப்போது சாப்பிடும் மாத்திரைகள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், மஞ்சள் காமாலை இருந்ததா என்பதையும் சொல்லுங்கள். எவ்வளவு குடிக்கிறார் என்பதை வெட்கப்பட்டுக் குறைத்துச் சொல்லாதீர்கள். அந்த அளவை வைத்துத்தான் மருந்தின் அளவை மருத்துவர் முடிவு செய்கிறார்.

'மனநலப் பிரிவு' என்ற பலகையைப் பார்த்ததும் 'நான் என்ன பைத்தியமா?' என்று அவர் கோபப்படலாம். குடி சிகிச்சையைப் படித்த மருத்துவர்கள் அந்தப் பிரிவில்தான் இருக்கிறார்கள் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அங்கே சொல்லும் விவரங்களை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 சொல்கிறது.

'அவரு வரவே மாட்டேங்கிறாரே?'

அப்படியென்றால் முதலில் நீங்கள் மட்டும் போங்கள், அல்லது போன் செய்யுங்கள். குடும்பத்துக்கும் ஆலோசனை உண்டு. போதையில் இருக்கும்போது பேச்சைத் தொடங்காதீர்கள், அது சண்டையில்தான் முடியும். காலையில் தெளிவாக இருக்கும்போது பேசுங்கள். 'நீ குடிகாரன்' என்று சொல்வதைவிட, 'உங்க கை நடுங்குறதைப் பாத்தா பயமா இருக்கு, ஒரு தடவை டாக்டரைப் பாத்துட்டு வரலாம்' என்பது வேலை செய்யும். வயிற்று வலிக்கோ தூக்கமின்மைக்கோ மருத்துவரைப் பார்க்கப் போகும்போதும் இந்தப் பேச்சைத் தொடங்கலாம். வீட்டில் அடி உதை இருந்தால் காத்திருக்க வேண்டாம். பெண்களுக்கான உதவி எண் 181.

சோற்றில் கலக்கும் மருந்து வேண்டாம்

குடியை நிறுத்த மருத்துவர்கள் தரும் மருந்துகளில் டைசல்பிராம் ஒன்று. இதைச் சாப்பிட்டவர் மது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு வரும், ரத்த அழுத்தம் இறங்கும். உயிர் போகவும் வாய்ப்பு உண்டு. நோயாளிக்கு விளக்கிச் சொல்லி, அவர் சம்மதத்தோடு, இதயமும் கல்லீரலும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துத் தர வேண்டிய மருந்து இது. அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்தால், அன்று மாலை அவர் கடைக்குப் போய்க் குடித்ததும் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆன்லைனில் விற்கும் பெயர் தெரியாத பொடிகளில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. இரண்டையும் தவிர்த்துவிடுங்கள்.

தனியார் மையத்துக்குப் பணம் கட்டும் முன்

நல்ல முறையில் நடக்கும் தனியார், தொண்டு நிறுவன மையங்களும் உண்டு. மத்திய அரசின் நிதி உதவியோடு தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மறுவாழ்வு மையங்களின் விவரத்தை 14446-இல் கேட்கலாம். எந்த மையமாக இருந்தாலும் முன்பணம் தருவதற்கு முன் இவற்றைப் பாருங்கள்:

1. தமிழ்நாடு மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழ் இருக்கிறதா? காட்டச் சொல்லுங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.
2. மனநல மருத்துவர் யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார்?
3. இரவில் வலிப்பு வந்தால் யார் பார்ப்பார்கள்?
4. தங்கும் இடத்தை நீங்கள் உள்ளே போய்ப் பார்க்கலாமா?
5. அவரைச் சந்திக்கவும் போனில் பேசவும் அனுமதி உண்டா?
6. மொத்தச் செலவுக்கு ரசீது தருவார்களா?

'முதல் ஒரு மாசம் பாக்கவே கூடாது, பேசவே கூடாது' என்று சொன்னால் அங்கிருந்து கிளம்பி வந்துவிடுங்கள். பார்வையாளரைச் சந்திக்கவும் போனில் பேசவும் நோயாளிக்குச் சட்டப்படி உரிமை உண்டு. சங்கிலியால் கட்டுவது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. ஆள் அனுப்பி வேனில் தூக்கிச் செல்வது சிகிச்சை ஆகாது. விருப்பமில்லாத ஒருவரைச் சேர்ப்பதற்கு மருத்துவப் பரிசோதனையும் சட்டம் சொல்லும் நிபந்தனைகளும் வேண்டும், அதற்குக் கால வரம்பும் உண்டு. தவறு நடப்பதாகத் தெரிந்தால் முதல்வரின் உதவி மைய எண் 1100-இல் புகார் செய்யலாம். திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனுவும் கொடுக்கலாம். இலவச சட்ட உதவிக்கு 15100.

'போலீஸ்ல மாட்டிக்குவோமோ?'

கஞ்சா, மாத்திரை விஷயத்தில் பெற்றோர் பலர் இந்தப் பயத்தில்தான் சிகிச்சையைத் தள்ளிப் போடுகிறார்கள். போதைப்பொருள் தடுப்புச் சட்டம், 1985-இன் 64ஏ பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். போதைப்பொருளைப் பயன்படுத்தியதாகவோ சிறு அளவு வைத்திருந்ததாகவோ குற்றம் சாட்டப்பட்ட, போதைக்கு அடிமையான ஒருவர், தானே முன்வந்து அரசு அல்லது அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சை பெற்றால் அந்தக் குற்றத்துக்கான வழக்கு நடவடிக்கையிலிருந்து விலக்கு உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு ரத்தாகலாம். விற்பவர்களுக்கு இது பொருந்தாது.

திரும்பி வந்த பிறகுதான் பாதி வேலை

பத்து நாள் சிகிச்சை முடிந்து ஊருக்கு வந்ததும் பழைய கூட்டாளி, பழைய கடை, சம்பள நாள், திருவிழா எல்லாம் அப்படியே இருக்கும். அதனால் மருத்துவர் சொன்ன தேதியில் மறுபடி போவதுதான் முக்கியம். குடிக்கும் ஆசையைக் குறைக்கும் மருந்துகளும் ஆலோசனையும் மாதக்கணக்கில் தொடர வேண்டியிருக்கும். நடுவில் ஒருநாள் குடித்துவிட்டால் 'எல்லாம் போச்சு' என்று விட்டுவிடாதீர்கள். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை ஏறினால் மறுபடி டாக்டரிடம் போகிறோம் இல்லையா? இதுவும் அப்படித்தான். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழிலும் நடக்கின்றன, கட்டணம் கிடையாது. குடும்பத்தாருக்கு அல்-அனான் கூட்டங்கள் உண்டு.

கிராமத்தில் இதெல்லாம் நடக்குமா என்று சந்தேகமா? சென்னையின் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை 1989-லேயே மஞ்சக்குடி கிராமத்தில் முகாம் போட்டுக் குடிநோயாளிகளுக்குச் சிகிச்சை தந்தது. அதை நிறுவிய சாந்தி ரங்கநாதனுக்கு 1992-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஊரும் குடும்பமும் கூட நின்றால் கிராமத்திலேயே ஒருவரை மீட்க முடியும் என்பதற்கு அந்த முகாம்கள் ஓர் உதாரணம்.

இன்றைக்கு நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். 14416, 14446, 104, 108 ஆகிய நான்கு எண்களையும் போனில் சேமியுங்கள். நாளைக் காலையில் ஒரு எண்ணை அழைத்து, எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கிழமை என்று கேளுங்கள். அந்தக் கிழமையை வீட்டுக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.