ஊர்ப்பேச்சில் பிறந்த நாவல்

நாவலாசிரியர் என்றதும் தமிழை முறையாகக் கற்றுத் தேர்ந்த ஒருவரே நம் மனதில் தோன்றுவார். தோப்பில் முஹம்மது மீரான் அப்படியானவர் அல்லர்.

அவர் 1944ஆம் ஆண்டு தேங்காப்பட்டணம் என்னும் கடலோர ஊரில் பிறந்தார். இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள அவ்வூர், அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அதனால் பாடசாலையில் அவர் கற்றது மலையாளம். ஊரில் பேசியது தமிழ். பேச்சில் இருந்த தமிழ் எழுத்தில் இலகுவாக வரவில்லை. தமிழில் படியெடுக்கப் பிறரின் உதவி தேவைப்பட்டது. திருநெல்வேலியில் செத்தல் மிளகாய் வியாபாரம் செய்துகொண்டே அவர் எழுதினார். 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்த 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988இல் நூலானது. 'சாய்வு நாற்காலி' நாவலுக்கு 1997இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது.

அவருக்கு ஊற்றுக்கண்கள் இரண்டு. ஒன்று, அவரது ஊர். முதலாளியின் அதிகாரம், ஆங்கிலப் பள்ளிக்கூடத்துக்கு எழுந்த எதிர்ப்பு, ஏழைகளின் மௌனம் ஆகியவையே முதல் நாவலின் பொருள். தன் சமூகத்தின் குறைகளை அவர் மறைக்கவில்லை. மற்றையது, மலையாள எழுத்தாளர் வைக்கம் முகம்மது பஷீர். முஸ்லிம் வீட்டுப் பேச்சும் இலக்கியமாகும் என்பதைப் பஷீர் முன்பே காட்டியிருந்தார்.

மீரானின் பாத்திரங்கள் மலையாளமும் அரபும் கலந்த ஊர்த்தமிழில் பேசுகின்றன. இது வெறும் அலங்காரம் அல்ல. "வாப்பா" என்று கூப்பிடும் பிள்ளையின் வாயில் "தந்தையே" என்ற சொல்லை வைத்தால், அந்தப் பிள்ளை நாம் அறியாத யாரோ ஆகிவிடுகிறது. பேச்சு மாறினால் ஆளும் மாறிவிடுகிறார்.

இது நமக்கும் பொருந்தும். வாவிக்கரையில் வாழும் நாம் "மறுகா வா", "கிறுகிப் பாரு", "என்னகா" என்று பேசுகிறோம். வெளியூர் போனால் அச்சொற்களை விழுங்கிக்கொள்கிறோம். பரீட்சைக் கட்டுரைக்கு எழுத்துத் தமிழ் வேண்டும். அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் சிறுகதையில் ஒரு மூத்தம்மா பேசும்போது, அவரது சொல்லே அங்கு சரியான சொல். நாம் எழுதாவிட்டால் அச்சொற்கள் அவரோடு போய்விடும்.

மாணவிகளே, வீட்டிலுள்ள மூத்தவர்களின் பேச்சைக் கேட்டு ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். பெற்றோர்களே, உங்கள் மகள் எழுதும் கதையில் உங்கள் பேச்சு அப்படியே வந்திருந்தால், அதைப் பிழையென்று வெட்டிவிடாதீர்கள். 2019இல் மறைந்த மீரானை நாம் இன்றும் வாசிப்பது, அவர் தன் ஊர்ப்பேச்சை வெட்டாமல் விட்டதனால்தான்.