ஒற்றைச் சிறகு வீரர்

போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நாட்டி, அவன் பெயரையும் அருஞ்செயலையும் அதில் பொறித்துப் போற்றுதல் பழந்தமிழர் வழக்கம். அத்தகைய நடுகற்கள் பல இன்றும் ஊர்ப்புறங்களில் நிற்கின்றன. மண்ணில் வீழ்ந்தவனுக்கு அவன் வீழ்ந்த இடத்திலேயே கல் நாட்டலாம். விண்ணில் போரிட்டுக் கடலில் மறைந்தவனுக்கு எங்கே கல் நாட்டுவது? அவனை எவ்வாறு நினைவுகூர்வது? சென்னை மாகாணத்தின் பெயரைத் தாங்கிய ஒரு போர்விமான அணியின் வரலாறு இவ்வினாக்களுக்கு விடை தருகின்றது.

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படைக்கெனப் பல நாடுகளில் நிதி திரட்டப்பட்டது. அந்நாளில் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த சென்னை மாகாணமும் பொருள் வழங்கியது. அதன் அறிகுறியாக 79, 234, 264 என்னும் எண்களையுடைய மூன்று விமான அணிகளுக்குச் 'சென்னை மாகாணம்' என்ற பெயர் சூட்டப்பட்டது. அவற்றுள் 264-ஆம் அணி 1939-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் மீண்டும் திரட்டி அமைக்கப்பட்டது. அவ்வணிக்கு அளிக்கப்பட்ட விமானம் 'டிபையன்ட்' என்பதாகும். 'பணியாது எதிர்த்து நிற்பது' என்பது அச்சொல்லின் பொருள்.

அக்காலத்துப் போர்விமானங்களான ஸ்பிட்பயரிலும் ஹரிக்கேனிலும் ஒருவரே செல்வர். விமானத்தை ஓட்டுபவரும் துப்பாக்கியை இயக்குபவரும் அவரே. டிபையன்டிலோ இருவர் சென்றனர். முன்னே விமானி அமர்ந்து ஓட்டுவார். அவருக்குப் பின்னே, கண்ணாடி பொருத்திய சுழல் கூண்டினுள் துப்பாக்கி வீரர் அமர்ந்திருப்பார். அக்கூண்டில் நான்கு இயந்திரத் துப்பாக்கிகள் இருந்தன. கூண்டு எப்பக்கமும் சுழலும். ஆயினும் விமானத்தின் முன்புறத்தில் விமானி சுடுவதற்கென ஒரு துப்பாக்கியும் இல்லை.

இவ்வாறு அமைத்ததற்குக் காரணம் உண்டு. ஜெர்மானியக் குண்டுவீச்சு விமானங்கள் தொலைவிலுள்ள தம் நாட்டிலிருந்தே இங்கிலாந்திற்கு வர வேண்டியிருக்கும். அவற்றிற்குத் துணையாகச் சிறிய போர்விமானங்கள் அத்துணைத் தூரம் பறந்து வர இயலாது என வல்லுநர் கருதினர். துணையின்றி வரும் குண்டுவீச்சு விமானங்களின் அருகே சென்று, பக்கவாட்டிலும் கீழிருந்தும் சுடுவதற்கு டிபையன்ட் ஏற்றதாகத் தோன்றியது. 1940-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பிரான்சு வீழ்ந்தது. ஆங்கிலக் கால்வாயின் மறுகரை ஜெர்மானியர் கைக்கு வந்தது. அங்கிருந்து அவர்களுடைய விரைவான போர்விமானங்கள் எளிதாக இங்கிலாந்தை அடைந்தன. வல்லுநர் இட்ட கணக்குப் பொய்த்தது. ஆனால், அக்கணக்கை நம்பிச் செய்யப்பட்ட விமானங்களில் வீரர்கள் பறந்துகொண்டுதான் இருந்தனர்.

விமானியின் மார்பில் இரு சிறகுகள் கொண்ட சின்னம் விளங்கும். 1939-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் துப்பாக்கி வீரருக்கும் ஒரு சின்னம் வகுக்கப்பட்டது. அதில் ஒரு சிறகே இருந்தது. சின்னத்தில் மட்டுமன்று, பதவியிலும் அவர்கள் தாழ்ந்திருந்தனர். பலர் கடைநிலை வீரர்களாகவே வான்போருக்குச் சென்றனர். 1940-ஆம் ஆண்டு மே மாத இறுதியில்தான் அவர்கள் அனைவருக்கும் குறைந்தது சார்ஜண்ட் பதவியேனும் அளிக்கப்பட்டது.

264-ஆம் அணியின் தலைவர் பிலிப் ஹன்டர். அவருடன் பறந்த துப்பாக்கி வீரர் பிரெடெரிக் கிங். 1940 மே 13-ஆம் நாள் அவ்வணியின் ஆறு விமானங்கள் ஹாலந்து நாட்டின் மீது போரிட்டன; ஐந்து திரும்பவில்லை. அவ்விழப்பினால் ஹன்டர் மனந்தளரவில்லை. தம் விமானங்களை ஒன்றன்பின் ஒன்றாக வட்டமிட்டுப் பறக்கச் செய்யும் முறையைப் பழக்கினார். வட்டமாகச் சுழலும்போது ஒவ்வொரு துப்பாக்கி வீரரும் மற்றவருக்குக் காவலாவார். டன்கர்க் கடற்கரையிலிருந்து படைகள் மீட்கப்பட்ட நாட்களில் இம்முறை நன்கு பயன்பட்டது. மே 29-ஆம் நாள் ஒன்றில் மட்டும் 37 பகை விமானங்களை வீழ்த்தியதாக அவ்வணி அறிவித்தது. நாடெங்கும் அவர்கள் புகழ் பரவியது.

போர் முடிந்த பின்னர் ஜெர்மானியரின் பதிவேடுகளை ஆராய்ந்தபோது, அன்று உண்மையில் வீழ்ந்தவை அதைவிட மிகக் குறைவு என்பது தெரிய வந்தது. வீரர் பொய் கூறினர் என எண்ணுதல் தவறு. ஒரே விமானத்தைப் பலர் ஒருங்கே சுடுவர். அது வீழ்ந்ததும் ஒவ்வொருவரும் தம்மால் வீழ்ந்தது என்றே நம்புவர். வான்போரின் விரைவில் இப்பிழை எல்லா நாட்டுப் படைகளிலும் நிகழ்ந்தது. எண் குறைந்ததனால் அவர்தம் வீரம் குறையவில்லை. அன்று நிகழ்ந்த மற்றொன்றும் நினைக்கத்தக்கது. ஒரு விமானம் குண்டடிபட்டுத் தடுமாறியது. அதிலிருந்த துப்பாக்கி வீரர் வான்குடையுடன் வெளியே குதித்து உயிரிழந்தார். விமானியோ பழுதுற்ற அவ்விமானத்தைத் தனியே ஓட்டித் தளம் திரும்பினார். புகழ் மிக்க அந்நாளுக்கும் இவ்வாறு ஒரு விலை கொடுக்கப்பட்டது.

விமானம் தீப்பற்றினால் விமானி மேல்மூடியைத் தள்ளிவிட்டுக் குதிக்கலாம். குறுகிய கூண்டினுள் இருப்பவர் அவ்வளவு எளிதாக வெளியேற முடியாது. 1940 ஜூலை 19-ஆம் நாள், டிபையன்ட் விமானங்களையே கொண்ட 141-ஆம் அணி ஜெர்மானியப் போர்விமானங்களிடம் சிக்கியது. அன்று மாண்ட விமானிகள் நால்வர். துப்பாக்கி வீரர் அறுவர். இதனை 264-ஆம் அணியினர் நன்கு அறிவர். அறிந்தும், ஆகஸ்ட் மாதத்தில் அழைப்பு வந்தபோது மீண்டும் அக்கூண்டுகளில் ஏறி அமர்ந்தனர்.

ஆகஸ்ட் 24-ஆம் நாள் கென்ட் கடற்கரையை அடுத்த மான்ஸ்டன் தளம் தாக்கப்பட்டது. அங்கிருந்து எழும்பிய ஹன்டரும் கிங்கும் ஒரு குண்டுவீச்சு விமானத்தைத் துரத்திக் கடலை நோக்கிச் சென்றனர். பின்னர் அவர்களை எவரும் காணவில்லை. அடுத்த நான்கு நாட்களில் மேலும் பலர் மாண்டனர். ஆகஸ்ட் 28-ஆம் நாளுக்குப் பின் அவ்வணி பகற்போரிலிருந்து விலக்கப்பட்டு, இரவுக் காவலில் ஈடுபடுத்தப்பட்டது.

ஹன்டர், கிங் ஆகிய இருவரும் வீரத்திற்காக விருது பெற்றவர்களே. ஆனால் அதிகாரிக்கு ஒரு விருது, கீழ்நிலை வீரருக்கு வேறொரு விருது என்பதே அன்றைய முறை. ஒரே விமானத்தில், ஒரே துன்பத்தை ஏற்றவரிடையே காட்டப்பட்ட இவ்வேற்றுமை 1993-ஆம் ஆண்டில்தான் பிரிட்டனில் நீக்கப்பட்டது.

கல்லறை இல்லாது மறைந்த வான்வீரர்க்கென, தேம்ஸ் ஆற்றங்கரையிலுள்ள ரன்னிமீடில் ஒரு நினைவகம் எழுப்பப்பட்டு 1953-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதன் சுவர்களில் 20,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. 2005-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் ஆற்றங்கரையிலும் ஒரு நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. 1940-இல் பிரிட்டனைக் காத்த வான்போரில் பறந்த ஏறத்தாழ மூவாயிரம் பேரின் பெயர்கள் அதில் உள்ளன. விமானிகளின் பெயர்கள் மட்டும் அல்ல. துப்பாக்கி வீரர்களின் பெயர்களும் அங்கே உள்ளன. முழுமையாக எஞ்சிய ஒரே டிபையன்ட் விமானம் பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்தில் பேணப்படுகின்றது. அதன் கூண்டைக் காண்பவர், அதனுள் ஒருவர் எத்துணை இடர்ப்பட்டு அமர்ந்திருப்பார் என்பதை உணர்வர்.

அக்கூண்டில் இருந்தவர் தம் விமானியின் முகத்தைக் காண இயலாது. பின்னே வரும் பகைவரை விமானி காண இயலாது. ஒருவர் கையில் மற்றவர் உயிர் இருந்தது. ஆகவே அவ்வணியின் வெற்றிகளை எண்ணுவதோடு நின்றுவிடுதல் நினைவுகூர்தல் ஆகாது. எண்ணிக்கை பிழைபடலாம், சின்னமும் விருதும் ஒருவரை உயர்த்தி, மற்றவரைத் தாழ்த்தலாம். கல்லில் பொறித்த பெயர்களை ஒன்றும் விடாது படிப்பதே அவர்களுக்குச் செய்யும் நன்றியாகும். இரு சிறகு அணிந்தவரை நினைக்கும்போது, ஒற்றைச் சிறகு அணிந்து அவருக்குப் பின்னே அமர்ந்திருந்தவரையும் மறவாது நினைப்போமாக.