உட்கார்றது நாம, வாங்குறது யாரு?



இந்த வார எபிசோட்ல வீட்டிலிருந்து வேலை செய்ற செட்டப் பத்திப் பேசினப்போ மானிட்டர், மைக், கீபோர்டுலயே நேரம் போயிடுச்சு. நாற்காலிக்கு ரெண்டு நிமிஷம்கூடக் கிடைக்கல. நாள் முழுக்க நம்ம முதுகைத் தாங்குறது அதுதானே! அதனால இந்தக் கடிதம் அதுக்குத்தான்.

முதல்ல ஒரு கேள்வி. ஆபீஸ் நாற்காலி செய்ற கம்பெனிக்கு வாடிக்கையாளர் யார்? உட்கார்றவங்கன்னு தோணும். ஆனா ரொம்ப காலமா அப்படி இல்ல. உட்கார்றது நீங்க, மொத்தமா ஆர்டர் போடுறது உங்க கம்பெனி. இந்தத் தொழிலோட பாதிக் கதை அந்த இடைவெளியிலதான் இருக்கு.

சுவர் பெட்டியான கதை

அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்துச் சின்ன ஊர் ஸீலண்ட். ஹெர்மன் மில்லர் கம்பெனி அங்கே 1905ல வேற பேர்ல ஆரம்பிச்சது. முதல்ல படுக்கையறைக் கட்டில், அலமாரிதான். 1930கள்ல பொருளாதார மந்தம் நெருக்கினப்போ, கில்பர்ட் ரோடிங்கிற டிசைனர் பேச்சைக் கேட்டு நவீன பாணிக்கு மாறிப் பிழைச்சாங்க. ஆபீஸ் பக்கம் வந்தது அதுக்கப்புறம்தான்.

1968ல ராபர்ட் ப்ராப்ஸ்ட் அவங்களுக்காக 'ஆக்‌ஷன் ஆபீஸ் 2' கொண்டுவந்தார். பெரிய ஹால்ல வரிசையா மேஜை போட்டு உட்கார வைக்கிறது அவருக்குப் பிடிக்கல. நகர்த்தக்கூடிய தடுப்புகள், 120 டிகிரில விரிஞ்ச மூலைகள், நின்னுகிட்டும் வேலை செய்ற வசதின்னு யோசிச்சார். வாங்கின கம்பெனிகள் என்ன பண்ணாங்க? தடுப்பை 90 டிகிரில மடிச்சா அதே இடத்துல இன்னும் நிறையப் பேரை அடைக்கலாம்னு கண்டுபிடிச்சாங்க. கியூபிக்கிள் பிறந்தது அப்படித்தான். கடைசிக் காலத்துல ப்ராப்ஸ்டே அதைப் பைத்தியக்காரத்தனம்னு திட்டினார்.

தாத்தா பாட்டிக்கு யோசிச்சது

1994ல வந்த ஏரான் நாற்காலியை எல்லாருக்கும் தெரியும். பில் ஸ்டம்ஃப், டான் சாட்விக் ரெண்டு பேரும் அதுக்கு முன்னாடி யோசிச்சது வயசானவங்களுக்காக. அவங்கதான் மணிக்கணக்கா ஒரே இடத்துல உட்கார்றவங்க. மெத்தைச் சூடும் அழுத்தமும் அவங்க உடம்பைப் படுத்தும். அந்த நாற்காலி விற்பனைக்கே வரல. கத்துக்கிட்டது மட்டும் ஏரானுக்குள்ள போச்சு: மெத்தைக்குப் பதிலா வலை, சட்டை மாதிரி மூணு சைஸ். டாட்காம் ஸ்டார்ட்அப்கள் வாங்கிக் குவிச்சாங்க. அவங்க மூடினப்போ அதே நாற்காலிகள் செகண்ட் ஹேண்ட்ல வந்து விழுந்தது.

2020ல ஆபீஸ் காலியாச்சு. மொத்த ஆர்டர் போடுறவர் காணாமப் போனார், அவர் இடத்துல நாம வந்து நின்னோம். அந்த ஜூலைலயே லாஜிடெக்கோட சேர்ந்து 1,495 டாலருக்கு ஒரு கேமிங் நாற்காலி இறக்கினாங்க. அடிப்படையில அது 2008ல வந்த 'எம்பாடி' ஆபீஸ் நாற்காலிதான். அடுத்த வருஷமே 1.8 பில்லியன் டாலருக்கு நோல் கம்பெனியை வாங்கி, மில்லர்நோல்னு பேரை மாத்திக்கிட்டாங்க. 2025ல இன்னொரு மிச்சிகன் ஜாம்பவான் ஸ்டீல்கேஸை வாங்கப் போறதா ஹெச்என்ஐ அறிவிச்சது.

ஆபீசுக்குத் திரும்பினவங்களுக்கு வேற பிரச்சனை: எல்லாரும் ஒரே நேரத்துல வீடியோ கால்ல! இதுக்கான விடை பின்லாந்துல முன்னாடியே தயாரா இருந்தது. ஃப்ரேமரி கம்பெனி 2010ல பிறந்த கதையை அவங்களே சொல்வாங்க. போன்ல சத்தமாப் பேசுற பாஸ்கிட்ட வேற இடத்துல பேசச் சொன்னாங்களாம். "அப்போ எனக்கு ஒரு போன் பூத் வாங்கிக் கொடுங்க"ன்னாராம் அவர். இவங்க செஞ்சே விட்டாங்க. அறுபதுகள்ல ப்ராப்ஸ்ட் தேடின தனிமை, இப்போ கண்ணாடிக் கதவு போட்டுத் தனி விலைக்கு வருது.

நமக்கு என்ன?

முன்னாடி கம்பெனி கணக்குல இருந்த செலவு இப்போ சத்தமில்லாம நம்ம கார்டுக்கு வந்திருக்கு. அதனால கடைக்குப் போறதுக்கு முன்னாடி மேனேஜர்கிட்ட கேளுங்க. பிரிட்டன்ல இருந்தா, நீங்க வீட்ல திரை முன்னாடி தொடர்ந்து வேலை செய்றவர்னா, அந்த இடத்தை மதிப்பிட வேண்டியது வேலை கொடுத்தவரோட சட்டக் கடமை. 1992ல வந்த விதி அது.

சொந்தக் காசுன்னா, புதுப்பிச்சு விக்கிற பழைய ஆபீஸ் நாற்காலியைப் பாருங்க. மூடின ஆபீஸ்கள்ல இருந்து நல்ல சரக்கு வருது. பிராண்டுக்கு முன்னாடி மூணு விஷயம்: பாதம் தரையில முழுசாப் படணும், முழங்காலுக்குப் பின்னாடி ரெண்டு மூணு விரல் இடைவெளி வேணும், முழங்கை மேஜை உயரத்துக்கு வரணும்.

உங்க ஆபீஸ் நாற்காலிக்குக் காசு கொடுத்துச்சா? இல்ல சாப்பாட்டு மேஜைதான் இன்னும் ஆபீசா? ரிப்ளை பண்ணுங்க, அடுத்த எபிசோட்ல படிக்கிறோம்.