குட்டை அப்புவும் தென்னைமர நிலாவும்

1989இல் 'அபூர்வ சகோதரர்கள்' படம் வந்தபோது, கமல்ஹாசன் எப்படிக் குட்டை அப்புவானார் என்பதுதான் ஊரெல்லாம் பேச்சு. காலை மடக்கிக் கட்டிக்கொண்டார் என்றார்கள். அது பாதி விடைதான். கேமரா நேரெதிரே நிற்கும் காட்சிகளில் பள்ளம் தோண்டி, அவரை முழங்கால்வரை அதில் இறக்கி, முழங்காலில் ஷூ மாட்டினார்கள். பக்கவாட்டுக் காட்சிகளுக்கு மடக்கிய கால் நுழையும் தனி ஷூ. உட்கார்ந்து ஆட்டும் கால்கள் செயற்கைக் கால்கள். இயக்குநர் சிங்கீதம் சீனிவாச ராவ் விளக்கியவற்றில் எனக்குப் பிடித்தது கை விஷயம். கால் குட்டையானதும் கை நீளமாகத் தெரியும். அதனால் கமல் கையையும் சற்று மடக்கியே நடித்தார். நம் மூளை உயரத்தை அளப்பதில்லை, எதற்கு எது பெரிது என்று ஒப்பிட்டுப் பார்க்கிறது. கை காட்டிக்கொடுத்திருந்தால் பள்ளம் வீண்.

தூரத்திலும் இதே கதைதான். விழித்திரையில் பதிவது ஒரு பொருள் அடைக்கும் கோணம் மட்டுமே. பக்கத்துப் பொம்மை வீடும் தொலைவிலுள்ள மாளிகையும் ஒரே கோணத்தை அடைக்கலாம். 1957இல் வந்த 'மாயாபஜார்' படத்தின் துவாரகை அப்படிப் பிறந்ததுதான்: சென்னை ஸ்டூடியோவில் ஏறத்தாழ 300 சிறு வீடுகள், ஒளிப்பதிவு மார்கஸ் பார்ட்லி. இத்தகைய படப்பிடிப்பில் பின்னணி மங்கினால் பொம்மை என்று தெரிந்துவிடும். நீரும் நெருப்பும் இன்னும் மோசம். துளியைச் சிறிதாக்க முடியாதே! பதினாறில் ஒரு பங்கு மாதிரி என்றால் நான்கு மடங்கு வேகத்தில், அதாவது நொடிக்கு 96 ஃபிரேம் எடுத்தால்தான் அலை கனமாக விழும்.

கண் அளவில் ஏமாறுவதை வானத்திலும் பார்க்கலாம். கம்பைநல்லூர்ப் பக்கம் பௌர்ணமியன்று தென்னந்தோப்புக்குப் பின்னால் எழும் நிலா தாம்பாளமாகத் தெரியும். செல்போனில் எடுத்தால் பொட்டுதான். அடிவான நிலா உச்சி நிலாவைவிடப் பெரிதல்ல. நம்மிடமிருந்து சுமார் 6,000 கிலோமீட்டர் கூடுதல் தொலைவில் இருப்பதால் இம்மியளவு சிறிதுகூட. பெரிதாகத் தெரிவது ஏன் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்தில்லை.

ஆனாலும் பத்திரிகைகளில் கோபுரத்தை விழுங்கும் நிலாவைப் பார்க்கிறோமே? அது தூரத்தின் வேலை. நிலா அடைப்பது அரை டிகிரி. தன் உயரத்தைப்போல் 110 மடங்கு தொலைவிலுள்ள எதுவும் அதே அளவில் தெரியும். 50 அடித் தென்னை முழுவதும் நிலாவுக்குள் அடங்க வேண்டுமானால், 5,500 அடி, அதாவது ஏறத்தாழ 1.7 கிலோமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மரத்தடியில் நின்று எவ்வளவு ஜூம் செய்தாலும் இது கிடைக்காது. ஜூம் செய்தால் மரமும் சேர்ந்தே பெரிதாகும். வரும் பௌர்ணமிக்குப் படமெடுக்க நினைப்பவர்கள் முதலில் தோப்பைவிட்டு நன்றாகத் தள்ளிப் போங்கள். லென்ஸைப் பிறகு பார்க்கலாம்.