மரவள்ளியும் முதல் மூன்று மாதங்களும்

மரவள்ளித் தடியை நட்டுவிட்டால் போதும், அது தானே வளர்ந்து கிழங்கு தரும் என்னும் எண்ணம் நம் கமக்காரர் பலரிடம் வெகுகாலமாக நிலைத்திருக்கிறது. 1786ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் மொரிசியசிலிருந்து இங்கு கொணர்ந்த இப்பயிர், 1970களில் அரிசி அரிதான வேளையில் எத்தனையோ குடும்பங்களின் பசியைத் தணித்தது. வரட்சியைத் தாங்கும், மெலிந்த மண்ணிலும் விளையும். இவையெல்லாம் உண்மையே. ஆயினும் இளமையில் களையை மாத்திரம் அதனால் தாங்க முடிவதில்லை.

தடிக்குத் தடி மூன்றடி இடைவெளி விட்டு நடுகிறோம். இலை விரிந்து அவ்வெளியை மூடுவதற்கு மூன்று நான்கு மாதங்கள் செல்லும். நாம் மாரி மழையை நம்பி நடுகிறோம். அதே மழையை நம்பிக் கோரையும் அறுகும் சாறணையும் காத்திருக்கின்றன! வேர்கள் கிழங்காகத் திரளத் தொடங்குவதும் இக்காலத்திலேதான். அப்போது பசளையையும் ஈரத்தையும் களை கவர்ந்துகொண்டால், பின்னர் என்ன செய்தும் அந்நட்டத்தை ஈடுசெய்தல் அரிது. களை பிடுங்காது விட்ட நிலங்களில் விளைச்சல் பாதிக்கு மேல் குறைந்ததைப் பல நாட்டுப் பரிசோதனைகள் காட்டியுள்ளன.

ஆகவே நட்ட நாலாம் வாரத்தில் ஒருமுறை, எட்டாம் வாரத்தில் ஒருமுறை, பன்னிரண்டாம் வாரமளவில் மற்றொருமுறை களையெடுத்தல் வேண்டும். இரண்டாம் முறையைத் தவறவிடுவோரே அதிகம். வயல் வேலை குறுக்கிடும் பருவம் அல்லவா? அதன்பின் மரவள்ளியின் நிழலே களையை அடக்கிவிடும். கடைசி மாதங்களில் கூலி கொடுத்து மண்வெட்டியால் கொத்துவிப்பது வீண்செலவு என்பதே நம் கருத்து. மேலாகக் கிடக்கும் கிழங்கு வெட்டுப்படுவதுதான் மிச்சம்.

இவ்வேலை யார் தலையில் விழுகிறது என்பதையும் எண்ணிப் பார்த்தல் தகும். உலகிலே மரவள்ளியை மிகுதியாக விளைவிக்கும் நைஜீரியாவில், களையெடுப்பின் பெரும்பாரத்தைச் சுமப்போர் பெண்டிரும், பாடசாலை செல்லவேண்டிய சிறுவருமே. நம் வீடுகளிலும் தாய்மாரின் குனிந்த முதுகே இதற்குச் சாட்சி.

அப்பாரத்தைக் குறைக்க ஒரு வழி உண்டு. நட்டவுடன் வரிசைகளுக்கிடையே கௌப்பியோ நிலக்கடலையோ விதைத்தால், களை முளைக்கும் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். மூன்று நான்கு மாதத்தில் வீட்டுக்கு வேறொரு விளைச்சலும் வந்து சேரும். ஆனால் அப்பயிர் தழைக்கும்வரை முதற்களையைக் கையால் எடுத்தே ஆகவேண்டும்.

கோரையின் குணம் வேறு. மேற்புல்லைச் செதுக்கினால் மண்ணுள் இருக்கும் அதன் கிழங்கு மீண்டும் துளிர்க்கும். நிழல் மாத்திரமே அதற்கு ஆகாது. மரவள்ளி கிண்டும் நாளில் கூடவே வெளிப்படும் கோரைக்கிழங்குகளைப் பொறுக்கிக் கடும் வெயிலில் நன்கு காயவிட்டால் அவை முளைக்கும் திறனை இழந்துவிடும். பச்சையாக எருக்குழியில் போடலாகாது. போட்டால் அடுத்த மாரியில் எருவோடு சேர்ந்து தோட்டத்துக்கே திரும்பி வந்துவிடும்.