நோரா எஃப்ரானின் நகைச்சுவைக் கட்டுரைகள்

காதல், மணவாழ்வு, சமையலறை, மூப்பு ஆகியவற்றைப் பெண்ணின் பார்வையில் நகைச்சுவையோடு அணுகும் கட்டுரை வகையை அமெரிக்க இதழியலில் வளர்த்தெடுத்தவர்களுள் நோரா எஃப்ரான் (1941–2012) குறிப்பிடத்தக்கவர். திரைக்கதை ஆசிரியர்களான பெற்றோரிடம் வளர்ந்த அவர், வாழ்வில் நேரும் துன்பமும் எழுத்துக்குரிய பொருளே என்னும் கொள்கையைத் தாயிடமிருந்து பெற்றார். 1962-இல் நியூஸ்வீக் இதழில் சேர்ந்தபோது, கட்டுரை எழுதும் பணி பெரும்பாலும் ஆண்களுக்கே உரியதாயிருந்தமையால், அஞ்சல்களைப் பிரித்து வழங்கும் வேலையே அவருக்குக் கிடைத்தது. அவ்வாறு தொடங்கியவர் 1972-இல், ஆண்களுக்கான எஸ்குவயர் இதழில் பெண்களைப் பற்றிய பத்தியை, அதாவது ஒருவர் தம் பெயரில் தொடர்ந்து எழுதும் கருத்துக் கட்டுரையை, எழுதத் தொடங்கியது பெருமைக்குரிய வளர்ச்சியாகும். அக்கட்டுரைகள் 1975-இல் ‘கிரேஸி சாலட்’ என்னும் நூலாயின.

கணவரின் துரோகத்தால் முறிந்த தம் மணவாழ்வை அடிப்படையாகக் கொண்டு 1983-இல் அவர் எழுதிய ‘ஹார்ட்பர்ன்’ நாவலில் சமையல் குறிப்புகளும் கதையோடு பின்னிவருகின்றன. ஏமாற்றப்பட்ட பெண், பிறருடைய இரக்கத்துக்குக் காத்திராமல், தன் கதையைத் தானே சிரிப்போடு சொல்லும் உரிமையை எடுத்துக்கொள்வதே அந்நாவலின் உண்மையான துணிவு எனலாம். ஆணும் பெண்ணும் நண்பர்களாகவே நீடிக்க இயலுமா என்னும் வினாவை மையமாகக் கொண்ட ‘வென் ஹாரி மெட் சாலி’ (1989) திரைப்படத்தின் திரைக்கதையும் அவருடையதே. கழுத்துச் சுருக்கம், பொருள்கள் குவிந்து கிடக்கும் கைப்பை, தேடினால் அகப்படாத மூக்குக்கண்ணாடி எனப் பலர் பேசத் தயங்கும் முதுமையின் சிற்றின்னல்களை வெளிப்படையாக எழுதிய அவரது 2006-ஆம் ஆண்டுக் கட்டுரைத் தொகுப்பு, அமெரிக்காவில் மிகுதியாக விற்பனையான நூல்களுள் ஒன்றாயிற்று.