புதுப்பித்த எஞ்சினில் பேரிங் அழிவது ஏன்?

தேய்ந்துபோன கார் எஞ்சினைப் பெரும் பொருட்செலவில் பிரித்துப் புதுப்பித்த பின்னரும், சில நாட்களிலேயே அதன் அடிப்பகுதியிலிருந்து ‘டக் டக்’ என்ற ஓசை எழுவதுண்டு. கனெக்டிங் ராடின் பெரிய முனையிலுள்ள பேரிங் அழிந்துவிட்டது என்பதற்கு இது அறிகுறியாகும். பேரிங் மட்டமானது என்று கருதி வேறொன்றைப் பொருத்துகின்றனர். அதுவும் விரைவில் அழிகிறது. பெரும்பாலும் குறை வேறிடத்தில் இருக்க, பேரிங்கே அதன் விளைவைத் தாங்குகிறது.

பேரிங் வேலை செய்யும் விதத்தை முதலில் அறிதல் நலம். சுழலும் கிராங்க் தண்டு ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மீது மிதக்கிறது. 1883-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ரயில் அச்சுப் பேரிங்குகளை ஆராய்ந்த பீச்சம் டவர், பேரிங்கின் மேலிருந்த துளையை மரக்கட்டையால் அடைத்தார். உள்ளிருந்த எண்ணெய் அக்கட்டையை வெளியே தள்ளிற்று. சுழற்சியே எண்ணெயில் இவ்வழுத்தத்தை உண்டாக்குகிறது என்பதை 1886-இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் கணித முறையில் விளக்கினார். நீர் தேங்கிய சாலையில் விரையும் காரின் சக்கரம் தரையைவிட்டு நீரின் மேலேறுவது இதற்கு ஒப்பான நிகழ்ச்சியாகும். பளு மிகும்போது படலத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஓரிரு பங்காகக் குறையக்கூடும். அது தலைமயிரின் பருமனைவிட மிகமிகக் குறைவு.

இப்படலத்தைக் கெடுக்கும் குறைகளுள் முதன்மையானது அழுக்கு. கிராங்க் தண்டைச் சாணைபிடிக்கும்போது உண்டாகும் தூள் அதன் எண்ணெய்த் துளைகளில் தங்கிவிடுகிறது. துளைகளின் அடைப்பான்களைக் கழற்றித் தூரிகையால் துலக்காவிடில், முதல் ஓட்டத்திலேயே தூள் பேரிங்கை அடையும்.

இரண்டாவது, இடைவெளியின் அளவு. பொதுவாக அது தண்டின் விட்டத்தில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. 50 மில்லிமீட்டர் தண்டுக்கு 0.05 மில்லிமீட்டர். குறைந்தால் படலம் அமையாமல் சூடேறும். மிகுந்தால் எண்ணெய் வழிந்து அழுத்தம் குன்றும். தயாரிப்பாளர் குறித்த அளவை மைக்ரோமீட்டரால் சரிபார்த்தல் இன்றியமையாதது.

மூன்றாவது, பொருத்தும் முறை. ராடின் மூடியை அரத்தால் ராவுவதும், வேறொரு ராடின் மூடியை மாற்றிப் போடுவதும் துளையின் வட்டத்தைக் குலைத்துவிடும். பேரிங்கின் முதுகில் தூசி படிந்திருப்பினும் அதன் வடிவம் கெடும்.

நான்காவது, முதல் இயக்கம். பொருத்தும்போதே பேரிங்கில் எண்ணெய் பூசுதல் வேண்டும். பின்னர் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அழுத்தமானி எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும்வரை ஸ்டார்ட்டரால் தண்டைச் சுழற்றிய பின்னரே எஞ்சினை இயக்குதல் வேண்டும்.

அழிந்த பேரிங்கே காரணத்தைக் காட்டும். நீளக் கீறல்கள் அழுக்கையும், உருகி இழுபட்ட பரப்பு எண்ணெய்க் குறைவையும் குறிக்கும். ஓரத்தில் மட்டும் தேய்ந்திருப்பின் ராடு வளைந்திருக்கலாம். முதுகு பளபளப்பாயிருப்பின் பேரிங் தன் இருக்கையில் அசைந்திருக்கலாம். ஆகவே, பழைய பேரிங்கை எறிந்துவிடாமல் நன்கு ஆராய்ந்து, குறையைக் களைந்த பின்னரே புதியதைப் பொருத்துதல் வேண்டும்.